14 சென்ட் யாருடையது? மனநோய், சொத்து, ஷரீஅத்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே வீட்டின் கதையல்ல. குமரி மாவட்டத்தில் ஜமாஅத் (ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகம்) அலுவலகங்களிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் திரும்பத் திரும்ப எழும் சிக்கல்களை ஒரு குடும்பத்துக்குள் கொண்டுவந்து எழுதியிருக்கிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஆட்கள் மாற்றப்பட்டிருக்கிறார்கள். சட்டத்திலும் ஃபிக்ஹிலும் (இஸ்லாமியச் சட்டவியலிலும்) எதையும் மாற்றவில்லை.

தக்கலைக்கும் குளச்சலுக்கும் இடையில் ஓர் ஊர். ஷாஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றை) பின்பற்றும் குடும்பம். வாப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். சாலையை ஒட்டி 40 சென்ட் மனை, நடுவில் ஓட்டுவீடு, சுற்றிலும் தென்னை. வாப்பா மௌத்தானபோது இருந்தவர்கள் உம்மா, இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள். வாப்பாவைப் பெற்றவர்களும் அவர்களுக்கு முந்தியவர்களும் ஏற்கெனவே இல்லை. மூத்தவர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். மகளைத் திருவிதாங்கோட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. இளையவருக்கு வயது 43. இருபதுகளின் நடுவில், அவரும் வெளிநாட்டில் இருந்தபோது, மனச்சிதைவு நோய் தொடங்கியது. ஊருக்குக் கூட்டிவந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பார்த்தார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஆள் தெளிவு. உறவினர் கடையில் கணக்கு எழுதுவார், பள்ளிவாசலுக்குப் போவார். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்லாம் குலைந்துவிடும்.

அப்படி ஒருமுறை குலைந்த சமயத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. பக்கத்து மனைக்காரரிடம் 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தன் பங்கில் 3 சென்ட் தருவதாக முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முக்கில் உள்ள டீக்கடையின் கண்ணாடி அலமாரியை உடைத்தார். மனைவியிடம் தலாக் என்று கத்தினார். அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில மாதங்களில் பழையபடி தெளிந்துவிட்டார்.

இந்த நிலையில் மூத்தவருக்கு 40 சென்டையும் ஒரே ஆளுக்கு விற்க ஆசை. நல்ல விலைக்கு ஆள் வந்திருந்தது. வாங்க வந்தவரின் வக்கீல், இளையவரின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பார்த்ததும், "இவர் கையெழுத்து செல்லாது, கோர்ட் ஆர்டர் வேண்டும்" என்று சொல்லிவிட்டார். மூத்தவர் நேராக ஜமாஅத்துக்கு வந்தார். "வாப்பாக்கு அப்புறம் நான்தானே மூத்தவன். அவனுக்கு வலீ நான்தானே? அவனுக்கு வேண்டிய காசை நான் கொடுத்துக்கிடுதேன். நான் ஒப்புப் போட்டா போதும்னு ஒரு லெட்டர் தாங்க." வலீ என்றால் காப்பாளர்.

நிர்வாகத்தில் பாதிப்பேர் கொடுத்துவிடலாம் என்ற மனநிலையில்தான் இருந்தார்கள். மூத்தவர் கெட்டவர் இல்லை. 17 வருடமாக மருந்துச் செலவு பார்த்தவர் அவர்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. செலவு செய்கிறவருக்குச் சொத்தின்மேல் அதிகாரமும் வந்துவிடும் என்று ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். ஃபிக்ஹ் அப்படிச் சொல்லவில்லை.

பங்கு முதலில்

இதில் தகராறுக்கே இடமில்லை. மய்யித்துக்கு (இறந்தவருக்கு) பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. 40 சென்ட் அழகாகப் பிரியும்: உம்மாவுக்கு 5, மகன்களுக்கு 14, 14, மகளுக்கு 7. வாரிசுரிமையைத் தடுப்பவை என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்கிறவற்றில் கொலை உண்டு, மத வேறுபாடு உண்டு. மனநோய் கிடையாது.

உஸூல் (சட்டக் கோட்பாடு) அறிஞர்கள் மனிதனின் தகுதியை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று அஹ்லிய்யத்துல் வுஜூப்: உரிமைகளும் பொறுப்புகளும் ஒருவர்மேல் வந்து சேர்வதற்கான தகுதி. உயிரோடு பிறந்தாலே அது முழுமையாக வந்துவிடும். மனநோய் அதைத் தொடாது. மற்றது அஹ்லிய்யத்துல் அதா: தன் சொல்லாலும் செயலாலும் சட்ட விளைவை உண்டாக்கும் தகுதி. இதற்குத்தான் அறிவுத் தெளிவு வேண்டும். "மூன்று பேரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டுள்ளது: விழிக்கும்வரை உறங்குபவர், பருவமடையும்வரை சிறுவர், தெளியும்வரை பைத்தியம் பிடித்தவர்" என்ற ஹதீஸ் பேசுவதும் இந்த இரண்டாவதைப் பற்றியே. அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் ஹதீஸ் இது. நம் பேச்சில் இதன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம், 'தெளியும்வரை' என்பதை விட்டுவிடுகிறோம்.

முதல் தகுதி எவ்வளவு முழுமையானது என்பதற்கு ஸகாத்தையே (கடமையான தர்மத்தையே) பார்க்கலாம். மனநோயாளியின் பொருளுக்கும் ஸகாத் உண்டு, வலீ எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹப். ஹனஃபி மத்ஹபினர் இதில் மாறுபடுகிறார்கள். ஆனால் அந்தப் பொருள் அவருடையதுதானா என்ற கேள்வி இரண்டு பக்கத்திலும் எழவே இல்லை.

அண்ணன் வலீயா?

இங்கேதான் நிர்வாகிகள் திகைத்துப்போனார்கள். நிகாஹ் விஷயத்தில் வாப்பாவும் பாட்டனாரும் இல்லாத பெண்ணுக்குச் சகோதரர் வலீயாக நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள். அதே வரிசை சொத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார்கள். சொத்துக்கான வரிசை வேறு, மிகச் சின்னது. ஷாஃபி சட்ட நூலான இமாம் நவவியின் மின்ஹாஜில் ஒரே வரியில் இருக்கிறது: சிறுவனின் வலீ தந்தை, பிறகு தந்தையின் தந்தை, பிறகு அவர்கள் தங்கள் மரணத்துக்குப் பின் பொறுப்பேற்க நியமித்த வஸிய், பிறகு காழி (நீதிபதி). அண்ணன் இல்லை, சித்தப்பா இல்லை. தாயும் தானாக வர மாட்டார் என்பதே அங்கே வலுவான கருத்து. பெரியவரான பிறகு ஒருவருக்கு மனநோய் வந்தால், சிறுவயதில் யார் வலீயோ அவரே மீண்டும் வலீ என்று அதே அத்தியாயத்தில் வருகிறது, காழிதான் என்ற வலுக்குறைந்த கருத்தும் அங்கே உண்டு. ஹனஃபி வரிசையில் தந்தையின் வஸிய் பாட்டனாருக்கு முன்னால் வருவார். அதிலும் அண்ணனுக்கு இடமில்லை.

அப்படியே வலீ ஒருவர் இருந்தாலும் அவர் இஷ்டத்துக்கு விற்க முடியாது. மனை, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்க இரண்டே காரணங்கள்தான்: ஒன்று தேவை, இன்னொன்று கண்ணுக்குத் தெரிகிற லாபம். லாபம் என்றால் யாருக்கு? மனநோயாளிக்கு. 'மொத்தமாக விற்றால் எனக்கு நல்ல விலை கிடைக்கும்' என்பது அதில் சேராது.

இந்தியச் சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கிறது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் காப்பாளர் பொறுப்பையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் 1959-இல் வந்த தனிச் சட்டத்தின் மூலமே இங்கே வந்தது. சிறார் சொத்து பற்றிய இமாம்பந்தி வழக்கில் 1918-இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: சட்டப்படியான காப்பாளர் அல்லாமல், வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர் மட்டும் என்றால், அவர் செய்யும் விற்பனை செல்லாது. எத்தனை வருடம் மருந்து வாங்கிக் கொடுத்திருந்தாலும் சரி.

அப்படியானால் கடைசியில் காழி. அந்தக் காழி யார்? ஊர் காழியாரோ ஜமாஅத்தோ இல்லை. 1880-ஆம் ஆண்டு காழிகள் சட்டம், அதன்கீழ் நியமிக்கப்படுபவருக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஃபத்வாவுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் மறுபடியும் சொன்னது. ஆகவே ஜமாஅத் லெட்டர் கொடுத்திருந்தால் அது வெறும் தாள். வாங்குகிறவருக்கும் பின்னால் தலைவலி.

வாப்பா உயிரோடு இருந்தபோது இதற்கெல்லாம் ஒரு வழி இருந்தது. அவர் ஒரு வஸிய்யை நியமித்திருக்கலாம். வஸிய் ஆணாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளின் தாய் தகுதியானவரானால் மற்றவரைவிட அவரே மேல் என்று அதே மின்ஹாஜ் சொல்கிறது. தாய்க்குத் தானாக வராத அதிகாரம், தந்தை எழுதிவைத்தால் வந்துவிடும். வஸிய்யத் என்றால் மூன்றில் ஒரு பங்கு சொத்தை எழுதுவது மட்டுமே என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுகமில்லாத பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த இரண்டாவது வகைதான் முதலில் எழுத வேண்டியது.

ஆனால் காப்பாளரே தேவையா?

ஜமாஅத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. கேட்டது மகள். "தம்பி இப்போ நல்லாத்தானே இருக்கான். அவன்கிட்டயே கேட்டா என்ன?"

தங்கு தடையில்லாமல் நீடிக்கும் மனநோய் வேறு, வந்து வந்து போகும் மனநோய் வேறு என்று ஃபுகஹாக்கள் (ஃபிக்ஹ் அறிஞர்கள்) பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வந்து போவதில், தெளிந்திருக்கும் நேரத்துச் செயல் தெளிந்த மனிதனின் செயலேதான். மின்ஹாஜின் வாசகம் இன்னும் கூர்மையானது: மனநோயால் அதிகாரங்களும் சொல்லின் மதிப்பும் நீங்கும், தெளிந்ததும் அந்தத் தடை விலகும். தடையை நீக்க ஒரு தீர்ப்போ, யாருடைய அனுமதியோ தேவையில்லை, தானாகவே விலகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய அரசு ஹனஃபி ஃபிக்ஹை வைத்துத் தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பிலும் இதே நிலைதான்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 12-ஆம் பிரிவில் இதையே வேறு வழியாக வந்து சொல்கிறது. மனநோய் மருத்துவமனையில் இருப்பவர்கூட இடையிடையே தெளிவாக இருந்தால் அந்த இடைவெளியில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அந்தப் பிரிவிலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக்கூடாது, தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால் தவிர, என்று 3-ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. ஆக, அடையாள அட்டையைக் காட்டி 'கையெழுத்து செல்லாது' என்று சொன்ன வக்கீலின் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. அட்டை பஸ் சலுகைக்கும் உதவித்தொகைக்குமானது. உரிமையைப் பறிப்பதற்கு அல்ல.

மூத்தவர் உடனே அடுத்த வாதத்துக்குத் தாவினார். "சரி, பைத்தியம் இல்லைன்னே வச்சுக்கிடுவோம். விவரம் பத்தாதே. யாரும் ஏமாத்திருவான்." இதை லேசாகத் தள்ள முடியாது. ஃபிக்ஹும் இதற்குத் தனி இடம் வைத்திருக்கிறது. பொருளை வீணடிப்பவர் ஸஃபீஹ். அறிவு மந்தமாகி, பேச்சும் செயலும் குழம்பியிருப்பவர் மஃதூஹ். ஹனஃபிகள் இவரை விவரம் தெரிந்த சிறுவனைப் போல நடத்துவார்கள். அவர் செய்த வியாபாரம் வலீ ஒப்பும்வரை நிலுவையில் நிற்கும். ஸஃபீஹ் விஷயத்தில் இமாம் அபூஹனீஃபா தனித்து நின்றார்: பருவமடைந்த, அறிவுள்ள மனிதனின் சொல்லைச் செல்லாது என்று ஆக்குவது அவனை மனிதன் என்ற நிலையிலிருந்தே இறக்குவது, சொத்து இழப்பைவிட அது பெரிய கேடு. அவருடைய மாணவர்கள் இருவரும், இமாம் ஷாஃபியும் அதை ஏற்கவில்லை. ஆனால் ஷாஃபி மத்ஹபிலும், ஒருமுறை பொறுப்பான வயதையும் பக்குவத்தையும் அடைந்தவர் பிறகு ஸஃபீஹ் ஆனால், காழி தடை விதிக்க வேண்டும். அண்ணன் விதிக்க முடியாது.

எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்தது ஒரு நபித்தோழரின் சம்பவம். வியாபாரத்தில் எப்போதும் ஏமாந்துபோகிறவர். ஹப்பான் இப்னு முன்கித் என்று அறிவிப்புகளில் பெயர் வருகிறது. இவரைத் தடுத்துவையுங்கள் என்று குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். நபியவர்கள் அவரை அழைத்து, வியாபாரம் வேண்டாம் என்றார்கள். "என்னால் வியாபாரம் செய்யாமல் இருக்க முடியாது" என்றார் அவர். அப்படியானால் பேரம் பேசும்போது 'மோசடி கிடையாது' என்று சொல்லிக்கொள் என்றார்கள். மூன்று நாள் யோசித்துத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்று இன்னோர் அறிவிப்பு கூடுதலாகச் சொல்கிறது. 'மோசடி கிடையாது' என்ற வாசகம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. குடும்பம் கேட்டது தடை. அவருக்குக் கிடைத்தது ஒரு வாசகமும் மூன்று நாளும். ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 12-ஆம் பிரிவில் சொல்லும் 'தகுதியைப் பயன்படுத்த உதவி' என்பதை 2007-இல் இந்தியா ஒப்புக்கொண்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

அந்த மூன்று நாளையே இங்கும் பயன்படுத்தினார்கள். பத்திர நகலை இளையவரிடம் கொடுத்து, மகளை உட்கார்த்தி வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள். எந்த அவசரமும் இல்லை, மூன்று நாள் கழித்துப் பதில் சொன்னால் போதும். மூன்றாம் நாள் அவர் சொன்னது யாரும் எதிர்பார்க்காதது. விற்க இஷ்டமில்லை. 14 சென்டைப் பிரித்துக் கொடுங்கள், உம்மாவின் 5 சென்ட் என் பக்கத்திலேயே இருக்கட்டும், கிணறு அந்தப் பங்கில் வர வேண்டும். கிணற்றை விட்டால் வேனல் காலத்தில் தென்னை காயும் என்று காரணமும் சொன்னார். சித்தசுவாதீனத்துக்கு ஒப்பந்தச் சட்டம் கேட்பது இரண்டைத்தான்: காரியத்தைப் புரிந்துகொள்வது, தன் நலனுக்கு அதனால் என்ன ஆகும் என்று நிதானிப்பது. கிணற்றைக் கேட்ட வாயிலேயே இரண்டுக்கும் விடை இருந்தது. மருத்துவரிடம் அன்றைய நிலை பற்றி ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, பின்னாளில் யாரும் கேட்டால் காட்டுவதற்குத்தான்.

ஒருவேளை அவர் தெளியவே இல்லை என்றால்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றமோ அரசு அறிவித்த அதிகாரியோ வரையறைக்குட்பட்ட காப்பாளரை நியமிக்கலாம். குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிப்பது 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு. மனநோய் மட்டும் உள்ளவருக்குப் பொருந்தாது. நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனுவோடு அலைந்து திரும்புகிறவர்கள் பலர் இந்த வித்தியாசம் தெரியாமல்தான் அலைகிறார்கள்.

50,000 ரூபாயும் கண்ணாடியும்

பக்கத்து மனைக்காரரின் ஒப்பந்தம் செல்லாது. கையெழுத்துப் போட்ட தேதியும் ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியும் ஒரே வாரத்துக்குள் இருந்தன, டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் நிலையும் இருந்தது. வெறும் 'அவருக்கு நோய் உண்டு' என்பது இதற்குப் போதாது, அந்த நாளின் நிலை வேண்டும். மேலே தெளிந்திருக்கும் நாளுக்குச் சொன்ன அதே அளவுகோல் தெளிவில்லாத நாளுக்கும்.

ஆனால் கொடுத்த பணம்? டீக்கடைக்காரரும் அதே நேரத்தில் நஷ்டஈடு கேட்டு வந்து நின்றார். பேனா உயர்த்தப்பட்டவர்மேல் என்ன பொறுப்பு என்று நிர்வாகத்தில் ஒருவர் அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். ஃபிக்ஹில் விடை நேர்மாறானது. கண்ணாடிக்கு இளையவரின் பொருளிலிருந்து ஈடு கொடுத்தே ஆக வேண்டும். பாவம் எழுதப்படாது, தண்டனை கிடையாது, ஆனால் அடுத்தவன் பொருளை அழித்ததற்கான ஈடு அஹ்லிய்யத்துல் வுஜூபோடு சேர்ந்தது. பணம் கொடுத்த பக்கத்து மனைக்காரருக்கோ, கையில் மிஞ்சியிருப்பதை மட்டும் திருப்பினால் போதும். செலவாகிப் போனதற்கு ஈடு கேட்க அவருக்கு உரிமையில்லை. தடையில் இருப்பவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர் தன் கையாலேயே பணத்தைக் கொடுத்தார், அவர் நிலைமை தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். கண்ணாடிக்காரர் அப்படி எதையும் யார் கையிலும் கொடுக்கவில்லை. இந்த நுணுக்கம் எழுதப்பட்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. நம் பஞ்சாயத்துகளில் இன்னும் வந்து சேரவில்லை.

மகளின் பீரோவில் 32,000 ரூபாய் இருந்தது. மிச்சம் 18,000-ஐத் தர வேண்டியதில்லை என்று சொன்னபிறகும் இளையவர் கேட்கவில்லை. "அவரு என்னை ஏமாத்தணும்னு வாங்கல்லையே" என்றார். தேங்காய்ப் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தார். அதுவும் தெளிந்த மனிதனின் முடிவுதான். அதைத் தடுக்கவும் மூத்தவருக்கு அதிகாரமில்லை.

அடுத்தமுறை வந்தால்

பவர் எழுதி வாங்கிவைத்துக்கொள்ளலாம் என்று யோசனை வந்தது. அது உதவாது. எழுதிக்கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போன அன்றே வக்காலத்து (பிரதிநிதி அதிகாரம்) முறியும் என்பது ஷாஃபி ஃபிக்ஹ். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவும் அதேதான். அதாவது எப்போது தேவைப்படுமோ அப்போது பவர் இருக்காது. சிகிச்சைக்கு மட்டும் வழி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டிய வழிகாட்டுதல் எழுதலாம், நியமனப் பிரதிநிதியைச் சொல்லலாம். இளையவர் அக்காவின் பெயரைச் சொன்னார். ஏர்வாடிக்கோ வேறு எங்கோ கொண்டுபோய்க் கட்டிப்போடக்கூடாது என்று தானாகவே ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியோடு கருகிப்போன 28 பேரை இந்த மாவட்டத்து மனநோயாளிகளும் மறக்கவில்லை. சங்கிலியால் கட்டுவது இப்போது சட்டப்படியே குற்றம்.

பெண்ணுக்கு எப்படி இந்தப் பொறுப்பு என்று மூத்தவர் கேட்டார். சிகிச்சைப் பிரதிநிதி சொத்து வலீ அல்ல என்று விளக்கியதும், வஸிய்யே பெண்ணாக இருக்கலாம் என்ற மின்ஹாஜ் வரியைக் காட்டியதும், அதோடு விட்டுவிட்டார்.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. மூத்தவர் தன் 14 சென்டை மட்டும் விற்றார், அவர் நினைத்த விலை கிடைக்கவில்லை. அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

மீதி இருப்பது தலாக். அந்த நிலையில் சொன்ன தலாக் ஒன்றோ மூன்றோ விழாது. இதில் நான்கு மத்ஹபும் ஒன்று. பைத்தியம் பிடித்தவனுக்குத் தலாக் இல்லை என்ற உஸ்மான் (ரலி) அவர்களின் சொல்லை புகாரி பதிவு செய்திருக்கிறார். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் யார் சொன்னாலும் செல்லாது. மனைவி வீட்டார் இத்தாவுக்கு (தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் காலத்துக்கு) கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தச் சொல்லியாயிற்று. அவர் பிரிய விரும்பினால் அவருக்கென்று தனி வழி உண்டு. ஷாஃபி மத்ஹபில் கணவனின் மனநோய் ஃபஸ்குக்கு (திருமண ரத்துக்கு) காரணம், அது வந்து வந்து போவதாக இருந்தாலும். 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணவன் இரண்டு வருடம் சித்தசுவாதீனமின்றி இருந்திருக்க வேண்டும், இவர் விஷயத்தில் அதை நிரூபிப்பது கடினம். அந்தப் பெண் இன்னும் முடிவு சொல்லவில்லை. நிகாஹ் நிற்கிறது. நிலுவையில் உள்ள மஹரை (கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடையை) அவர் கேட்டால், அண்ணன் கையிலிருந்து அல்ல, இளையவரின் 14 சென்டிலிருந்துதான் அது கொடுக்கப்பட வேண்டும்.